8,200-இல் நிற்க வேண்டும்

கடலூரில் காலை ஆறு மணி என்றால், அக்கா மகன் இருக்கும் ஊரில் முந்தைய நாள் மாலை. கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் கம்லூப்ஸில் அவனுக்கு வேலை. பனிக்காலம் வந்துவிட்டால் சனிக்கிழமைகளில் ரெவல்ஸ்டோக் மலைக்கு ஸ்னோமொபைல், அதாவது பனி மேல் ஓடும் வண்டி, ஓட்டப் போய்விடுவான். இருட்டும் நேரத்தில் இறங்கி வந்து, வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டிவிட்டு எனக்குக் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

போன டிசம்பரில் ஒரு நாள் கூப்பிட்டவன் முகத்தைக் காட்டவில்லை. கேமராவை நேராக ஒரு அறுந்த பெல்ட்டில் வைத்தான்.

"மாமா, இது ரெண்டாவது. ஒன்னு 250 டாலர்."

"மாப்ள, அதைத் தூக்கிப் போட்டுடாதே. வெளிச்சத்துல பிடிச்சு ரெண்டு பக்கமும் காட்டு" என்றேன்.

கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு நான் முதல் நாளே சொல்வது இதுதான். பெல்ட் அறுந்தால் உடனே புதுசு மாட்டக் கூடாது. அறுந்ததைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பளபளத்து இறுகியிருந்தால் பெல்ட் வழுக்கியிருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் எங்கோ சிக்கி நின்றபோது ஆக்சிலேட்டரை முறுக்கியிருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் மட்டும் நூல் பிரிந்தால் முன் புல்லியும் பின் புல்லியும் நேர்க்கோட்டில் இல்லை. அவன் காட்டிய பெல்ட்டில் இரண்டு பக்கமும் பளபளப்பு, உள் ஓரத்தில் நூல் பிரிவு. ஆக, கோளாறு ஒன்றல்ல, இரண்டு.

மஞ்சக்குப்பத்தில் 27 வருஷமாக ஸ்கூட்டர் வேலை பார்க்கிறேன். ஐடிஐ முடித்ததும் புதுச்சேரியில் ஒரு கடையில் சேர்ந்தேன். அங்கே முதலில் கை வைத்தது கினெடிக் ஹோண்டா. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், கியர் கிடையாது, முன்னால் வேரியேட்டர், அதாவது ரோலர் எடைகள் வெளியே வீசும்போது தானே மூடும் புல்லி, பின்னால் ஸ்பிரிங் வைத்த புல்லி, நடுவில் ஒரு பெல்ட். பனியை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அக்கா மகன் அந்த வண்டியின் பக்க மூடியைக் கழற்றிக் காட்டிய அன்றைக்கே உள்ளே இருப்பது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதே டூ ஸ்ட்ரோக், அதே இரண்டு புல்லி, அதே பெல்ட். 98-க்குப் பதில் 850 சிசி, ஏழெட்டு குதிரைத் திறனுக்குப் பதில் 165. ரோலர் இருக்கும் இடத்தில் மூன்று எடைக்கைகள். நம் பின் புல்லியில் சாய்வாக வெட்டிய வழியில் பின் ஓடும் அல்லவா, அந்தச் சாய்வுக்கு அவர்கள் ஹீலிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பின் புல்லியைத் தாண்டினால் நம் வண்டியில் கியர் பெட்டி, அவன் வண்டியில் மேலும் கீழும் இரண்டு ஸ்பிராக்கெட் வைத்த செயின் பெட்டி. அதற்கப்புறம் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் ட்ராக். இந்த இரண்டு புல்லியையும் சேர்த்து அவர்கள் கிளட்ச் என்பார்கள்.

அவன் வாங்கியது பழைய வண்டி, மலையில் ஓட்டுவதற்கென்றே செய்த நீள ட்ராக் வகை. அதற்கு வெளிச்சந்தை டர்போ கிட் ஒன்றை, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் திணிப்பதை, ஒரு கடையில் கொடுத்துப் பொருத்தினான். கம்பெனியே டர்போவோடு விற்கும் வண்டிகளும் உண்டு. ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபைல் கம்பெனி 2020 மாடலில் 850 டூ ஸ்ட்ரோக் டர்போவைக் கொண்டுவந்தது, 8,000 அடி உயரம் வரை 165 குதிரைத் திறன் குறையாமல் கிடைக்கும் என்று சொல்லி. அந்த மாதிரி வண்டியில் கிளட்ச் எடையும் கியரும் டர்போவுக்கு ஏற்றபடி கம்பெனியிலேயே அமைந்து வரும். வெளியில் டர்போ பொருத்தினால் அந்த வேலை நம் தலையில். அவன் வண்டியில் டர்போ மட்டும் ஏறியிருந்தது, கிளட்சை யாரும் தொடவில்லை.

உயரத்தால் என்ன ஆகிறது என்பதை ஏற்காடு போனவர்கள் உணர்ந்திருப்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் வண்டிக்கு மூச்சு வாங்கும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பவர் போகும் என்பது பொதுவான கணக்கு. ரெவல்ஸ்டோக்கில் அவன் ஓட்டும் இடம் 7,000 அடியை ஒட்டி. 165 குதிரைத் திறன் அங்கே 130-க்கு வந்துவிடும். அதனால்தான் அந்த வண்டிகளில் எந்த உயரத்துக்கு எத்தனை கிராம் எடைக்கை என்று ஓர் அட்டவணையே கொடுப்பார்கள். உயரம் கூடக் கூட எடையைக் குறைக்க வேண்டும். அவன் வண்டியில் அந்த உயரத்துக்கு 62 கிராம் போட்டிருந்தது. டர்போ ஏறியதும் 130 இருந்த இடத்தில் 200 வந்துவிட்டது. 130-க்குப் போட்ட எடை 200-ஐ எப்படிப் பிடிக்கும்?

பிடிப்பது என்று நான் சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பவர் வரும் இடம் ரொம்பக் குறுகலானது. சைலன்சரின் வயிறு, கழுத்து, நீளம் எல்லாம் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கென்று கணக்குப் போட்டுச் செய்தவை. அவன் வண்டிக்கு அது நிமிடத்துக்கு 8,200 சுற்று. அதற்கு 300 கீழே போனாலும் இழுவை போச்சு, 300 மேலே போனாலும் போச்சு. ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்தால் வண்டி மேடு ஏறினாலும் பள்ளம் இறங்கினாலும் எஞ்சின் 8,200-ஐ விட்டு நகரக் கூடாது. வேகம் மாறட்டும், சுற்று மாறக் கூடாது. கிளட்சின் வேலை அது ஒன்றுதான். எடைக்கை வெளியே வீசி முன் புல்லியை மூடி, பெல்ட்டைப் பெரிய வட்டத்துக்கு ஏற்றப் பார்க்கும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் திறக்கப் பார்க்கும். பின் புல்லியில் ஸ்பிரிங்கும் ஹீலிக்ஸும் சேர்ந்து பெல்ட்டை நெருக்கிப் பிடிக்கும். இந்த இழுபறி 8,200-இல் சமமானால் எல்லாம் சரி.

அவன் வண்டி முழு ஆக்சிலேட்டரில் 8,700-க்குப் போய், அதற்கு மேல் சுற்ற விடாமல் தடுக்கும் லிமிட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. எடை போதாததால் முன் புல்லி பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கவில்லை. 200 குதிரைத் திறன் வழுக்கலாகி, வழுக்கல் சூடாகி, சூடு பெல்ட்டைத் தின்றுவிட்டது. முழு ஆக்சிலேட்டரில் பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்கு மேல் சுமையே இல்லாமல் போய்ச் சுற்று எகிறும். டர்போ எஞ்சினுக்கு அது ரொம்பக் கெட்டது. எனக்குப் பெல்ட் காசைவிட அந்தப் பயம்தான் பெரிசாக இருந்தது. மலை மேல், ஆள் அரவம் இல்லாத காட்டில், வண்டி நின்றுபோனால் பனியில் நடந்து வர முடியாது. மாற்றுப் பெல்ட் இல்லாமல் இனி மேலே ஏறக் கூடாது என்று அன்றைக்கே வாக்கு வாங்கிக்கொண்டேன்.

நான் தினமும் பார்ப்பது இதற்கு நேர் எதிரான நோய். முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் எடுத்து, ஐஸோடு பெட்டியில் கட்டி, பண்ருட்டி வரைக்கும் போகிறவர்கள் என்னிடம் வருவார்கள். "அண்ணே, பாலம் ஏறும்போது முக்குது" என்பார்கள். அங்கே சுமை பெரிசு, எஞ்சின் சின்னது. ரோலர் எடையைக் குறைத்து, பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாகப் போட்டுக் கொடுப்பேன். எஞ்சின் விடுபட்டு மேலே சுற்றும், பாலம் ஏறும். அக்கா மகன் வண்டியில் எஞ்சின் பெரிசாகிவிட்டது, அதனால் எடையைக் கூட்ட வேண்டும். எடை கூடினால் சுற்று இறங்கும், குறைந்தால் ஏறும். இரண்டு ஊருக்கும் விதி ஒன்றுதான்.

ஆனால் எடைக்கு முன்னால் இரண்டு வேலை இருந்தது.

முதலாவது அந்த நூல் பிரிந்த ஓரம். இரண்டு புல்லிக்கும் குறுக்கே நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. கிட் பொருத்தியபோது பின் புல்லியைக் கழற்றியிருக்கிறார்கள், திரும்ப மாட்டும்போது ஒரு வாஷரை விட்டுவிட்டார்கள். அந்த வாஷர் இல்லாமல் யார் எந்த எடையைப் போட்டாலும் பெல்ட் போய்க்கொண்டேதான் இருந்திருக்கும். அதே நாளில் புல்லி முகங்களில் ஒட்டியிருந்த கறுப்பையும் தேய்த்து எடுக்கச் சொன்னேன். நாரில் லேசாகத் தேய்த்து, கிளீனர் போட்டுத் துடைத்தால் போதும். உப்புத்தாளை அழுத்திப் போட்டால் முகம் கீறிவிடும்.

இரண்டாவது கியர். இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம்.

அவன் சொன்னான்: "பவர் கூடிருச்சு மாமா, கியரைப் பெருசா மாத்தினா வேகம் போகுமே."

"நீ ஏரியிலயா ஓட்டுறே?" என்று கேட்டேன். உறைந்த ஏரியில் நேராக ஓட்டுகிறவனுக்கு அவன் சொல்வது சரி. இவன் ஓட்டுவது மரங்களுக்கு நடுவே, இடுப்பளவு பனியில், செங்குத்தான சரிவில். அங்கே ட்ராக்கின் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டரை ஒட்டித்தான் பெரும்பாலும் இருக்கும் என்று அவனே சொன்னான்.

அன்றைக்குக் கடையில் ஆள் இல்லை. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ட்ராக் 165 அங்குலம், பல்லுக்குப் பல் 3 அங்குலம், ட்ராக்கை உருட்டும் டிரைவரில் 7 பல். டிரைவர் ஒரு சுற்றுக்கு ட்ராக்கை 21 அங்குலம், அதாவது 53 சென்டிமீட்டர் நகர்த்தும். செயின் பெட்டியில் மேலே 21 பல், கீழே 50 பல் இருந்தது. இரண்டு புல்லியும் சமமாகச் சுற்றும் நிலையில் 8,200 சுற்றுக்கு மணிக்கு 110 கிலோமீட்டர் வருகிறது. அப்படியானால் 65-இல் ஓடும்போது முன் புல்லி 1.7 சுற்று சுற்றினால்தான் பின் புல்லி ஒரு சுற்று சுற்றும். முன் புல்லியில் பெல்ட் இன்னும் சின்ன வட்டத்திலேயே மடங்கிக் கிடக்கிறது. வளைவு இறுக்கம், பிடிக்கும் பரப்பு குறைவு, சூடு அதிகம். மேலே 19, கீழே 51 என்று மாற்றினால் சமநிலை 98 கிலோமீட்டருக்கு இறங்குகிறது. அதே 65-இல் விகிதம் 1.5. பெல்ட் இன்னும் மேலே ஏறி, விரிந்த வட்டத்தில் ஓடும். சமநிலையைத் தாண்டியும் பெல்ட் ஏறும் என்பதால் 98 அவன் உச்ச வேகமும் இல்லை. காட்டுக்குள் அவனுக்கு எந்த நஷ்டமும் கிடையாது.

21-உம் 50-உம் கூட்டினால் 71, 19-உம் 51-உம் கூட்டினால் 70. ஒரு பல் வித்தியாசம்தான். அதே செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்குள் அடங்குமா என்று சர்வீஸ் புத்தகத்தின் அட்டவணையில் பார்க்கச் சொன்னேன். அடங்கியது. செயின் பெட்டி எண்ணெயையும் மாற்றினான்.

கியரை முதலில் முடிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. கியர் மாறினால் கிளட்ச் மேல் விழும் சுமை மாறும். எடையை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகு கியரைத் தொட்டால், எடையை மறுபடி தேட வேண்டும். பனிக்காலம் சின்னது, அவனுக்குக் கிடைப்பது சனிக்கிழமை மட்டும்.

அப்புறம் எடை. வீசும் விசை எடைக்கு நேராகக் கூடும், சுற்றின் வர்க்கத்துக்கு நேராகக் கூடும். 8,700-இல் 62 கிராம் கொடுக்கும் விசையை 8,200-இலேயே வேண்டுமென்றால் எத்தனை கிராம்? 8,700-ஐ 8,200-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, 62-ஆல் பெருக்கினால் 69.8. ஸ்பிரிங்கையும் ஹீலிக்ஸையும் இந்தக் கணக்கு பார்ப்பதில்லை, ஆனாலும் தொடங்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. திருகாணி போட்டு எடையை மாற்றிக்கொள்ளும் எடைக்கைகளை வாங்கினான். மூன்றிலும் எடை ஒன்றுபோல இருக்க வேண்டும், நகைக்கடைத் தராசு மாதிரி பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசில் நிறுத்து மாட்டச் சொன்னேன்.

கூட்டும் எடையை எங்கே வைப்பது என்பதில் டர்போ தனி விஷயம். டர்போ உடனே ஊதாது. எஞ்சின் புகை போதுமான அளவு வந்த பிறகுதான் அழுத்தம் ஏறும். அதுவரை அது பழைய எஞ்சின்தான். எடைக்கையின் அடிப்பக்கம் கனத்தால் கிளம்பும்போதே அமுங்கி, டர்போ எழவே எழாது. நுனியில் இருக்கும் எடை மேல் சுற்றில்தான் அதிகம் வேலை செய்யும். அதனால் கூட்டிய 8 கிராமில் பெரும்பகுதியை நுனிக்கே கொடுத்தோம்.

பொங்கல் வாரத்தில் முதல் சோதனை. ஒரே சரிவு, ஒரே ஆள், முழு ஆக்சிலேட்டர், சில வினாடிகள். மீட்டரைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே போனதும் எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, இரண்டு புல்லியையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை கை வைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் எது அதிகம் சுடுகிறதோ, பெரும்பாலும் அங்கேதான் பெல்ட் வழுக்குகிறது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் என்பதையும் சொல்லியிருந்தேன். சைலன்சர் நன்றாகச் சூடேறிய பிறகு வரும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சூட்டில் ஒலியின் வேகம் கூடும், டூ ஸ்ட்ரோக்கில் பவர் உச்சம் கொஞ்சம் மேலே நகரும். குளிர்ந்த எஞ்சினில் எடுத்த எண்ணை நம்பி எடை போட்டால் தப்பாகிவிடும்.

70 கிராமில் 8,050 வந்தது. 69 ஆக்கினான், 8,150. கை வைத்தால் ஐந்து எண்ண முடிந்தது. ஆனால் அவனுக்கு ஒரு குறை. மரத்தைச் சுற்றித் திரும்ப ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால், வண்டி ஒரு கணம் அமுங்கிவிட்டுத்தான் எழுகிறது. சரிவின் நடுவில் அந்த ஒரு கணத்தில் ட்ராக் பனிக்குள் இறங்கிவிடுமாம்.

அந்தச் சத்தத்தை நான் வீடியோவில் நாலைந்து தடவை கேட்டேன். ஆக்சிலேட்டரை விட்டதும் பெல்ட் கீழ் விகிதத்துக்கு வேகமாகத் திரும்பி வர வேண்டும். அது சோம்பலாக வந்தால், மறுபடி அழுத்தும்போது பெரிய கியரில் கிடக்கும் வண்டியை எஞ்சின் இழுக்க வேண்டியிருக்கும். சுற்று விழும், டர்போ அழுத்தம் விழும், இரண்டும் சேர்ந்து எழ நேரம் பிடிக்கும். டர்போ இல்லாத வண்டியில் இது சின்னக் குறை, டர்போவில் பெரிய குறை. இதற்கு இரண்டு வழி. பின் புல்லியில் கடினமான ஸ்பிரிங், அல்லது சாய்வு குறைந்த கோணமுள்ள ஹீலிக்ஸ். இரண்டுமே பெல்ட்டை அதிகம் நெருக்கும், சீக்கிரம் திரும்ப வைக்கும். ஸ்பிரிங்கையே மாற்றலாம் என்றேன். விலை குறைவு, பிடிக்காவிட்டால் பழசை மாட்டிக்கொள்ளலாம். அளவுக்கு மீறிக் கடினமாகப் போட்டால் தேவையில்லாத அழுத்தத்தில் பெல்ட் சூடேறும், அதனால் ஒரே ஒரு படி மேலே மட்டும்.

ஸ்பிரிங் மாறியதும் சுற்று 8,300-க்கு ஏறியது. ஏறும் என்று எதிர்பார்த்தேன். பின் புல்லி அதிகம் எதிர்த்து நின்றால் முன் புல்லிக்கு மூட நேரம் பிடிக்கும், எஞ்சின் அந்த இடைவெளியில் மேலே போய்விடும். எடுத்த ஒரு கிராமைத் திருப்பி நுனியில் போட்டான். மறுபடி 70.

பிப்ரவரி கடைசியில் அனுப்பிய வீடியோ என் கைபேசியில் இருக்கிறது. மீட்டர் முள் 8,200-இல் ஒட்டிவைத்த மாதிரி நிற்கிறது, சரிவு மட்டும் கீழே ஓடுகிறது. மரத்தைச் சுற்றித் திரும்பும் இடத்தில் சத்தம் இறங்கி உடனே எழுகிறது. டர்போ பக்கத்துச் சூடு கிளட்ச் பக்கம் வராமல் இருக்க மூடியில் வலை போட்ட காற்று வழி ஒன்றும் வைத்திருக்கிறான். புது பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டி, முதல் 50 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினானாம். அந்தப் பெல்ட் சீசன் முழுக்க வந்தது. மார்ச்சில் கழற்றிக் காட்டினான். பக்கங்கள் மங்கலாக, சீராக, பளபளப்பில்லாமல் இருந்தன. ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

சித்திரையில் லீவில் வருகிறான். அறுந்த இரண்டு பெல்ட்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். கடைச் சுவரில், கினெடிக் ஹோண்டா பெல்ட் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. புதுசாக வரும் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.